ஒற்றைச் சிலம்பும் 555 புத்தகமும்

அண்ணன் மகளுக்குக் கோலாலம்பூரில் நாடகப் படிப்புக்கான தேர்வு வந்திருந்தது. கடிதத்தில் மூன்று கேட்டிருந்தார்கள். மலாயில் ஒரு தனிமொழி, அதாவது ஒரே ஆள் பேசி நடிக்கும் பகுதி. விருப்பமான மொழியில் இன்னொரு தனிமொழி. இரண்டும் இரண்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது. அப்புறம் பக்கவாத்தியம் இல்லாமல் ஒரு நிமிடப் பாட்டு. தேதிக்கு ஐந்து வாரம் இருந்தது. சனிக்கிழமை காலையில் மோட்டாரில் வந்து இறங்கியவள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "அத்த, எல்லாம் ரெடி. சரியா இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க," என்றாள்.

கேட்டேன். மலாயில், பழங்கதை வீரன் ஹங் ஜெபாட் சுல்தானை எதிர்த்து முழங்கும் பேச்சு. தமிழில் பாஞ்சாலி கூந்தலை விரித்துச் செய்யும் சபதம். பாட்டுக்கு, சரணத்தில் தொண்டை கிழிய மேலே ஏறும் ஒரு பழைய சினிமாப் பாட்டு. மூன்றும் உச்சத்தில் தொடங்கி உச்சத்திலேயே முடிந்தன. நல்ல குரல், தெளிவான உச்சரிப்பு, ஒரு சொல் தடுக்கவில்லை. ஆனால் ஐந்து நிமிடம் பார்த்த பிறகும் அந்தப் பிள்ளை எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியவில்லை. பிறந்த நாளிலிருந்து அவளைத் தெரிந்த எனக்கே இப்படி என்றால், முதல் தடவை பார்ப்பவர்களுக்கு என்ன தெரியும்?

எங்கள் ஊர் சுங்கை சிப்புட். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே இருக்கிறது. பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டி அறிவித்த 1948 அவசரகாலத்தோடு இந்தப் பெயர் வரும். எங்களுக்கு அது ரப்பர் போய்ச் செம்பனை வந்த ஊர். லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, காலி செய்துவிட்டு டவுனுக்கு வந்த குடும்பங்களின் ஊர். வாரநாளில் நான் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் வீட்டு முன்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டும் நடிப்பும் சொல்லிக்கொடுக்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. தேர்வுக்குப் போகிற பிள்ளைகள் வரும்போதெல்லாம் நான் பார்ப்பது இதையேதான்: திறமைக்குக் குறைவில்லை, எடுத்து வருகிற பகுதிதான் அவர்களை மறைத்துவிடுகிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அங்கிருந்துதான் வந்தேன். இந்த நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கதை சொல்லும் போட்டி, கவிதை ஒப்புவித்தல், பேச்சுப் போட்டி. 'அவைத்தலைவர் அவர்களே' என்று தொடங்கி, 'வீரம்' என்ற சொல் வந்தால் கையை மடக்கி, 'தாய்' என்ற சொல் வந்தால் நெஞ்சில் வைத்து, கடைசி வரியில் குரலை உயர்த்தி நிறுத்தினால் கைதட்டல். அந்த மேடை எங்களுக்குப் பெரிய உபகாரம் செய்தது. தோட்டத்து மருந்தகத்தில் டிரசரிடம் மருந்து கேட்கவும், ஆபீசில் கிராணி என்கிற குமாஸ்தா முன்னால் நின்று பேசவும் அம்மாக்கள் கூச்சப்பட்ட இடத்தில், அவர்கள் பிள்ளைகள் மைக் முன்னால் நிமிர்ந்து நின்றார்கள். அதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயிற்சி முழுக்கக் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவதற்கானது. தேர்வு அறையில் கூட்டம் கிடையாது. ஒரு நீள மேசை, மூன்று பேர், தண்ணீர் பாட்டில், பெயர்ப் பட்டியல். அந்த மூவரும் பேச்சைக் கேட்க உட்கார்ந்திருக்கவில்லை. இன்னொரு ஆளோடு மேடையில் நின்றால் இந்தப் பிள்ளை அவர் சொல்வதைக் காதில் வாங்குமா, வாங்கியதும் முகத்தில் ஏதாவது மாறுமா என்று பார்க்க உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதனால் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: யாரிடம் பேசுகிறாய், அவரிடமிருந்து உனக்கு என்ன வேண்டும்?

ஜெபாட்டுக்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. பழைய மலாய்ச் சொற்களில் பாதிக்கு அவளுக்கே அர்த்தம் தெரியாது. பெண் பிள்ளை ஆண் பாத்திரம் எடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அர்த்தம் தெரியாத சொல்லை எடுக்கக்கூடாது. அது போக, மலாய்த் தனிமொழி என்றால் பத்துப் பேரில் பாதிப் பேர் ஜெபாட்டோடு வருவார்கள். கேட்பவர் மனதில் ஏற்கெனவே நாலு ஜெபாட் இருக்கும்போது ஐந்தாவதாக நிற்பது பெரிய கஷ்டம்.

பாஞ்சாலிக்கு வேறு காரணம் சொன்னேன். பாரதியின் வரிகள் எனக்கு உயிர். ஆனால் சபதம் என்பது ஒரு முடிவு. அவள் கேட்க வேண்டியதையெல்லாம் சபையில் கேட்டு முடித்துவிட்டாள். நியாயம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சபதம். அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தால், ஏறி முடிந்த மலையின் உச்சியில் ஒருத்தி நிற்பதைத்தான் பார்க்க முடியும். ஏறியது தெரியாது.

பாட்டைப் பற்றிச் சொல்ல என் கதையையே சொல்ல வேண்டியிருந்தது. 1990களின் நடுவில், இருபது வயதில், கோலாலம்பூரில் ஒரு நாடகக் குழு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். சுருதிப் பெட்டி இல்லை. பல்லவியை வாய்க்கு வந்த சுருதியில் தொடங்கினேன். சுகமாக இருந்தது. சரணத்தின் மூன்றாவது வரி மேல் ஸ்தாயிக்குப் போகும் என்பது அந்த வரிக்கு முந்திய மூச்சில்தான் நினைவுக்கு வந்தது. குரல் உடைந்தது. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினேன், அதே சுருதியில், அதே இடத்தில் மறுபடி உடைந்தது. "நன்றிம்மா," என்றார்கள். பஸ்ஸில் தஞ்சோங் மாலிம் தாண்டும் வரை அழுதேன். அழைப்பு வரவில்லை. குரலில்தான் குறை என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். குறை குரலில் இல்லை. பாட்டின் முதல் வரிக்குச் சுருதி பிடித்ததுதான் தப்பு. பாட்டில் எது ஆக உயரமான சுரமோ அதற்குத்தான் சுருதி பிடிக்க வேண்டும். அந்த ஒரு சுரம் பதற்றத்திலும், காலை ஒன்பது மணிக்கும், தண்ணீர் குடிக்காத தொண்டையிலும் வருமா என்று பார்த்து, அங்கிருந்து கீழே இறங்கி வந்து ஆதார சட்ஜத்தை, அதாவது பாட்டுக்கு அடிப்படையான 'ஸ'வை, முடிவு செய்ய வேண்டும்.

சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஆர்மோனியத்தில் 'ஸி' ஒரு கட்டை, 'டி' இரண்டு, 'ஜி' ஐந்து. பெண் பிள்ளைகள் பாடகிகளைக் கேட்டுவிட்டு ஐந்து, ஐந்தரை என்று போவார்கள். அண்ணன் மகளுக்கு நாலரைதான் இயல்பு. அதைச் சொன்னபோது அவள் முகம் வாடியது. குறைந்த கட்டை என்றால் குறைந்த குரல் என்று ஒரு எண்ணம். இதற்கும் ஒரு பழைய வேர் இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நாடகம் போட்ட காலத்தில் மைக் கிடையாது. பின்வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவர் காது வரை வள்ளியும் முருகனும் வெறும் தொண்டையால் எட்ட வேண்டும். அதனால் ஏறிய சுருதி தேவைப்பட்டது. கிட்டப்பாவும் கே.பி. சுந்தரம்பாளும் அப்படிப் பாடிப் பேர் வாங்கியவர்கள். அந்த ருசி நமக்குள் தங்கிவிட்டது; மேலே போனால்தான் பாட்டு என்கிறோம். தேர்வு அறையில் மேசை பத்தடி தூரத்தில் இருக்கிறது.

சரி, மூன்றையும் தள்ளிவிட்டோம். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு எங்கள் பாட்டி கதையைச் சொன்னேன், அதாவது அவளுடைய கொள்ளுப்பாட்டி.

பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டத்துக்கு வெளியே ஒரு மளிகைக் கடை. கடனுக்கு வாங்கினால், அட்டையில் 555 என்று அச்சடித்த கையடக்கப் புத்தகத்தில் கடைக்காரர் எழுதிக்கொள்வார். சம்பளத்தன்று தீர்க்க வேண்டும். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடுப்படிச் சுவரில் கரியால் கோடு போட்டு வைப்பார்: அரிசிக்கு நெட்டுக்கோடு, எண்ணெய்க்குப் படுக்கைக்கோடு, கருவாட்டுக்கு ஒரு வட்டம். ஒரு மாதம் புத்தகத்தில் எண்ணெய் ஐந்து என்று இருந்தது. சுவரில் மூன்று. சுவரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போக முடியாது. அதனால் பாட்டி கடைக்காரரை லயத்துக்குக் கையோடு அழைத்து வந்துவிட்டார். அப்பாவுக்கு அப்போது எட்டு வயது, வாசல்படியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பாட்டி சுவருக்குப் பக்கத்தில் நின்று, "மொதலாளி, எண்ணிப் பாருங்க," என்றாராம். அவ்வளவுதான். கடைக்காரர் எண்ணினார். மறுபடி எண்ணினார். பாட்டி ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தில் இரண்டு எண்ணெய் அடிக்கப்பட்டது.

"இது கண்ணகி மாதிரி இருக்கு அத்த," என்றாள் அவள்.

அது அவள் வாயிலிருந்து வந்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எடுத்து வைத்து உட்கார்ந்தோம். முதலில் முழுக் கதையையும் படிக்கச் சொன்னேன். துண்டை மட்டும் படித்துவிட்டு நடிக்கிற பிள்ளை, முதல் வரியில் எந்த நடையோடு அறைக்குள் நுழைவது என்று தெரியாமல் நிற்கும். கண்ணகி மதுரைக்குப் புதியவள். ஊரில் அவளுக்கு யாரும் இல்லை. கணவனைக் கொன்ற அரசன் முன்னால் நிற்கிறாள். அவன் 'நீ யார்' என்று கேட்கிறான். புறாவுக்காக உடலை அரிந்து கொடுத்தவனும், பசுவின் கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார் என் ஊர் என்று சொல்கிறாள். பேரைச் சொல்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்கிறான் அவன். என் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்கிறாள். என்னுடையதில் முத்து என்கிறான். சிலம்பைக் கொண்டு வந்து வைக்கிறார்கள். உடைக்கிறாள்.

இதில் எத்தனை திருப்பம் இருக்கிறது பாருங்கள். ஒவ்வொரு முறையும் எதிரில் இருப்பவன் ஏதோ சொல்கிறான். அவள் அதைக் கேட்டபிறகுதான் அடுத்ததைச் சொல்ல முடியும். அவள் கையில் இருப்பது கணக்கு. பாட்டியின் சுவரில் இருந்ததும் கணக்கு.

"அப்போ கத்த வேணாமா?"

"எங்க கத்தணும்னு நீயே தேடு."

இரண்டு வாரம் தேடினாள். முதலில் அரசனாக நான் நாற்காலியில் உட்கார்ந்து அவன் பதில்களைச் சொன்னேன். பிறகு பதில் சொல்லாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்துவிட்டேன், வெறும் நாற்காலி. நான் எழுந்ததும் அவள் அரசனின் பதிலுக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டாள். கண்ணகி தனக்குத்தானே பேசுகிறவள் ஆகிவிட்டாள். கைபேசியில் நேரம் வைத்துப் பார்த்தோம்: நான் உட்கார்ந்திருந்தபோது அவள் காத்திருந்தது இரண்டு விநாடி, வெறும் நாற்காலிக்கு அரை விநாடிகூட இல்லை. அந்த இரண்டு விநாடியைத் திரும்பக் கொண்டுவர ஒரு முழுச் சனிக்கிழமை ஆனது. அதற்குப் பிறகு, கோவலன் பேரைச் சொல்லும் இடத்தில் குரல் தானாகவே உயர்ந்தது. வேறெங்கும் உயரவில்லை. அதை நாங்கள் தொடவே இல்லை.

மொழியில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. தேர்வாளர்களில் யாருக்கும் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அதற்காகத் தமிழை விட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. விருப்பமான மொழி என்று அவர்களே கேட்டிருக்கிறார்கள். சொல் புரியாதபோது கேட்பவர் முகத்தையும் மூச்சையும் இன்னும் கூர்ந்து பார்ப்பார். இளங்கோவின் மூன்று வரியை அப்படியே வைத்துக்கொண்டு, மீதியை அவள் பேசுகிற தமிழில் எழுதச் சொன்னேன். எழுதினாள். 'எண்ணிப் பாருங்க' என்ற சொல்லை உள்ளே சேர்த்திருந்தாள். பழந்தமிழுக்குப் பழகிய சிலருக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடித்தது, விட்டுவிட்டேன்.

மலாய்ப் பகுதிக்கு நூலகத்தில் தேடி, வெளியூர் வேலைக்குப் போகத் தாயிடம் அனுமதி கேட்கும் ஒரு மகளின் பேச்சை எடுத்தாள். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குப் பத்தொன்பது வயதுப் பாத்திரம். கண்ணகிக்கு நேர்மாறு: இங்கே அவளுக்கு எந்த ஆதாரமும் கையில் இல்லை, தாயின் மனசு இளகினால்தான் உண்டு. இரண்டு பகுதி கேட்கும்போது ஒன்று கோபம், ஒன்று சோகம் என்று எடுப்பார்கள். கேட்கிற விதம் மாறினால் போதும் என்பது என் அனுபவம். உச்சரிப்பில் ஒன்றை மட்டும் விடாமல் பிடித்தேன். மலாயில் 'அனாக்', 'தீடாக்' போன்ற சொற்களின் கடைசி 'க்' வாய்க்குள் வராது, தொண்டையில் சட்டென்று அடைத்து நிற்கும். நம் பிள்ளைகள் அதைத் தமிழ் 'க்' போல அழுத்திவிடுவார்கள்; அங்கே பேச்சுப் போட்டிக் குரல் திரும்பி வந்துவிடும்.

பாட்டு கடைசியில்தான் கிடைத்தது. இசை நாடகத் தேர்வுகளில் 16 அல்லது 32 பார், அதாவது அத்தனை தாளச் சுற்று, பாடு என்று கேட்பது வழக்கம். நாலு தட்டுத் தாளத்தில், நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் போனால் 16 பார் 32 விநாடிதான். 32 பார் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். நம் சினிமாப் பாட்டைப் பல்லவியிலிருந்து தொடங்கினால் இடையிசை வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். இல்லை என்றால் இல்லாத இடையிசைக்காகச் சும்மா நிற்க வேண்டி வரும். சரணத்தில் தொடங்கிப் பல்லவியில் முடிப்பது நல்லது. இப்படி நாலைந்து பாட்டை வெட்டிப் பார்த்தோம். எதிலும் 'யாரிடம்' என்ற கேள்விக்குப் பதில் வலுவாக இல்லை.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டில் ஸ்பிரிங் தொட்டில் கிறீச்சிட ஆரம்பித்தது. அண்ணன் மகள் அதைக் கேட்டுவிட்டு, என் அம்மா அவளுக்குப் பாடிய தாலாட்டை முணுமுணுத்தாள். யார் அடித்து அழுதாய் என்று அத்தை, மாமன் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும் பாட்டு. மேல் ஸ்தாயி இல்லை. நாலரைக் கட்டையில் தேன் மாதிரி உட்கார்ந்தது. யாரிடம் என்று கேட்கவே தேவையில்லை. என்ன வேண்டும் என்பதற்கும் பதில் இருந்தது: நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது என் அம்மா தாலாட்டுப் பாடியது விடியலுக்கு முன்னால். பிள்ளை தூங்கினால்தான் அதைத் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் படுக்க வைத்துவிட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓட முடியும். அவசரமாக இருக்கும்போது மெதுவாகப் பாட வேண்டிய பாட்டு அது. இதைச் சொன்னதும் அவள் பாடியது மாறிவிட்டது. மூன்றாவது வரியில், பிள்ளை தூங்கிவிட்டதா என்று பார்க்க ஒரு கணம் நிறுத்தினாள். கண்விழித்துவிட்டதுபோல, அதே வரியை இன்னும் தாழ்ந்த குரலில் மறுபடி தொடங்கினாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடைசி வாரத்தில் சின்னச் சின்ன விஷயங்கள். கண்ணகியாகவும் மகளாகவும் பேசும்போது தேர்வாளர் கண்ணைப் பார்க்காதே, அவர்கள் தலைக்குச் சற்று மேலே சுவரில் ஓர் இடத்தை வைத்துக்கொள். கண்ணைப் பார்த்தால் அவர்கள் குறிப்பு எழுதக் கூச்சப்படுவார்கள். சிலம்பு, சேலை எதையும் கொண்டு போகாதே. இரண்டு நிமிடம் என்றால் ஒரு நிமிடம் ஐம்பது விநாடிக்கு வெட்டு. பதற்றத்தில் சிலர் வேகமாகப் போவார்கள், இவள் நிதானமாகப் போகிறவள். முடித்ததும் உடனே சிரிக்காதே, ஒரு மூச்சு விட்டுவிட்டு நிமிர்.

விடிகாலை மின்ரயிலில் போனோம். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். இருபது நிமிடம் கழித்து வந்தாள். தாலாட்டை முழுதாகப் பாட விட்டார்களாம். மலாய்ப் பகுதியில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது, ஆனால் நிற்கவில்லை. கண்ணகி முடிந்ததும் நடுவில் இருந்த அம்மா, தமிழ் தெரியாதவர், "அந்த ஆள் உனக்கு என்ன பதில் சொன்னான்?" என்று மலாயில் கேட்டிருக்கிறார். இவள் அரசனின் பதில்களை ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டுவிட்டு, ஒரு நாற்காலியைக் காட்டி, உட்கார்ந்துகொண்டு மறுபடி பேசச் சொன்னாராம்.

"உட்கார்ந்து செஞ்சு பார்த்ததே இல்லையே, என்னம்மா செஞ்ச?"

"பாட்டி சுவர் பக்கத்துல நின்னாங்கல்ல, அத நெனச்சுக்கிட்டு உட்கார்ந்தேன் அத்த. கோவலன் பேரு வந்தப்போகூடக் குரல் ஏறல."

முடிவு இன்னும் வரவில்லை. திரும்பும்போது ரயிலில் அவள் பையிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்தாள். டவுன் கடையில் புதிதாக வாங்கியது. வசனத்தில் மூச்சு விடும் இடங்களையெல்லாம் அதில்தான் குறித்து வைத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அந்த அம்மா கேட்ட கேள்வியை மலாயிலேயே எழுதினாள். அதற்குக் கீழே கரிக்கோடு மாதிரி பேனாவால் மூன்று படுக்கைக்கோடு போட்டுவிட்டு, தஞ்சோங் மாலிம் வருவதற்குள் தூங்கிப்போனாள்.